பாதி வழியில் நின்ற காரின் ஆக்சில்

விளக்கு வைக்கிற நேரம். நோணாங்குப்பத்து ஆற்றோரம் போகிற மண் சாலை... ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறு பக்கம் தண்ணீர். ஆள் நடமாட்டம் சுத்தமாகக் கிடையாது.

வெளியே போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நடுவில் எழுந்து போகிற வேலை வேண்டாம். நம் ஹேமலதாவின் பெரியப்பா மகன் உத்திராபதி இருக்கிறாரே, முருங்கப்பாக்கத்தில் கார் பட்டறை வைத்திருப்பவர், அவருக்கு நடந்தது இது. ஹேமலதா இதைச் சொல்லும்போது நடுநடுவே வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

மாசி மகத்துக்கு முதல் நாள். ஊர் ஊராகச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டன. கடலூர் சாலை முழுக்க டிராக்டரும் மேளமும் சீரியல் பல்பும்தான். தவளக்குப்பத்தில் ஒருவருடைய வண்டியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பிய உத்திராபதி, இந்தக் கூட்டத்தில் மாட்ட வேண்டாமென்று ஆற்றோரச் சாலைக்குள் காரைத் திருப்பினார்.

திருப்பும்போதே சத்தம். டக்... டக்... டக்...

புதுச் சத்தம் இல்லை. கொஞ்ச நாளாகவே இருக்கிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் வரும். இடப்பக்கம் ஒடித்து சத்தம் வந்தால் வலப்பக்க ஜாயின்ட் கெட்டுவிட்டது என்று அர்த்தம். சக்கரத்தைச் சுற்ற வைக்கிற ஆக்சில் இருக்கிறதல்லவா, அதன் முனையில் நம் தோள்பட்டை மாதிரி ஒரு மூட்டு. அதற்குத்தான் சி.வி. ஜாயின்ட் என்று பெயர். மேலே ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் தெறித்துப் போய்விடும், மண் உள்ளே புகுந்துவிடும். அப்புறம் தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் உடையும். இதையெல்லாம் வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிற மனுஷன், தன் காருக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

டணக்.

அவ்வளவுதான். இஞ்சின் ஓடுகிறது. கியரைப் போட்டு மிதித்தால் கத்துகிறது. வேகம் காட்டுகிற முள் நாற்பது, ஐம்பது என்று ஏறுகிறது... கார் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

இறங்கி, செல்போன் லைட்டை அடித்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் படுத்துப் பார்த்தார். ஜாயின்ட் பிளந்து கிடந்தது. உள்ளே இருக்கிற இரும்புக் குண்டுகள் மண்ணில் உருண்டு மினுங்கின. கருகின வாடை. அந்த நேரத்தில் அவருக்குக் காரைப் பற்றிய கவலை வரவில்லை. மகள் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது.

அன்புசெல்விக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் முகிலன் கப்பல் வேலையில், எந்தக் கடலில் இருக்கிறானோ. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, துளி ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும், படுத்த வாக்கிலேயே வர வேண்டும், ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு வரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாசலில் எந்நேரமும் கார் தயாராக நிற்கும் என்று உத்திராபதி அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஒரு லோடு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவர் மனைவி ரஞ்சிதம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊரு காரு அத்தினியும் நோண்டிப் பாக்கற. நம்ம காரு மட்டும் உன் கண்ணுக்குத் தெரியல."

"தெரியாம இன்னா. சத்தம் கேட்டுகிட்டுதான் இருந்துது."

"கேட்டு? பாட்டுன்னு நெனச்சிட்டியா?"

அவர் இழுத்து வந்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

மறுநாள் மகம். சாமான் கடை எல்லாம் சாத்தல். கடைக்காரருக்கு போன் போட்டால், அது பழைய மாடல், ஆக்சில் மெட்ராசிலிருந்துதான் வர வேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்கிறார். உள்ளே அன்புசெல்வி படுக்கையில் திரும்பிப் படுக்கவே பயந்துகொண்டு கிடக்கிறாள். மகக் கூட்டத்தில் ஆம்புலன்ஸோ வாடகைக் காரோ நேரத்துக்கு வந்து சேராது. நாலைந்து நாளுக்கு அவர் எங்கே போவார்?

அப்போதுதான் வடிவேலு ஞாபகம் வந்தது. வில்லியனூர் சாலையில் பழைய கார்களைப் பிரித்து விற்கிறவர். பால்ய சிநேகிதம். அவருடைய யார்டில் இதே மாடலில் ஒரு பச்சைக் கார் வந்து நிற்பதை போன வாரம்தான் உத்திராபதி பார்த்திருந்தார். ஆறு கடலில் சேருகிற உப்பங்கழியில் விழுந்து, ரெண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து, கிரேன் வைத்துத் தூக்கின கார். அதில் போன ஒரு அம்மா பிழைக்கவில்லை என்று பேச்சு.

போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே மேளச் சத்தம்.

"வடிவேலு, அந்தப் பச்சக் காரு இன்னும் பிரிக்கலையே?"

"பிரிக்கல. சாமி கூட வைத்திக்குப்பத்துல இருக்கேன்டா. ஏன்?"

"அதோட வலது ஆக்சில் வேணும்."

"தாராளமா எடுத்துக்க. ஆனா நாளைக்கு. நான் வந்து எறக்கிவுட்ட பெறகு."

வடிவேலுவிடம் ஒரு பழக்கம் உண்டு. உயிர் போன வண்டி யார்டுக்கு வந்தால், முதல் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால் அதன் நாலு கதவையும் திறந்து வைப்பார். எதிரே ஒரு பூசணிக்காயை உடைப்பார். அப்புறம் பஸ் கண்டக்டர் மாதிரி, சத்தமாக, "ஊரு வந்தாச்சு, எறங்குங்க" என்பார். மற்ற கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். பாதி வழியில் நின்ற வண்டி அது, போக வேண்டிய ஊர் இன்னும் அதற்குள்ளேயே கிடக்கும் என்பார்.

"டேய், பொண்ணு புள்ளத்தாச்சிடா. எப்ப வேணா வலி எடுக்கும்."

"தெரியும். அதனாலதான்டா சொல்றேன். கை வைக்காத."

மேளம் உச்சத்துக்குப் போனது. பேச்சு அறுந்துவிட்டது.

உத்திராபதி போனைச் சட்டைப் பையில் போட்டார். ஆக்சில் என்றால் இரும்பு. இரும்புக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்.

நல்ல மத்தியான வெயில். யார்டில் ஒருவரும் இல்லை. பச்சைக் காரின் கதவுகள் நாலும் மூடியிருந்தன. சீட்டில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சேற்றுக் கோடு. வைப்பரில் காய்ந்த பாசி. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, நடு நட்டை எடுத்து, சக்கரத்தைத் தாங்குகிற மூட்டையும் பிரித்துவிட்டார். இனிமேல்தான் கஷ்டம். ஆக்சிலின் உள்முனை கியர் பெட்டிக்குள் கவ்விக்கொண்டிருக்கும். கடப்பாறை மாதிரி ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பி, சுத்தியலால் தட்டி, கெட்ட வார்த்தை நாலு சொன்னால்தான் வெளியே வரும்.

கம்பியை எடுக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோது... ஆக்சில் பாதி வெளியே வந்திருந்தது.

கையை நீட்டினார். மீதியும் வந்துவிட்டது. இழுத்த மாதிரி இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ எடுத்து நீட்டின மாதிரி.

கியர் பெட்டியிலிருந்து முதலில் ஆயில் வரவில்லை. பழுப்புத் தண்ணீர் வந்தது. உப்பங்கழிச் சேற்று வாடை.

ஆனால் ஆக்சில் அருமையான ஆக்சில். ரப்பர் உறை ரெண்டும் ஒரு கீறல் இல்லை. கிளிப்பைத் தளர்த்தி உள்ளே பார்த்தார். கறுப்பு கிரீஸ் பளபளவென்று அப்படியே இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஜாயின்ட்டைக் கையால் மடக்கி நீட்டி ஆட்டிப் பார்த்தார். ஆட்டமே இல்லை. சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் பின் சீட்டில் கட்டினார்.

அது என்ன, ஒரு குழந்தை கனம்கூட இருக்காது. ஆனால் முருங்கப்பாக்கம் வந்து சேரும் வரைக்கும் ஸ்கூட்டரின் பின் பக்கம் இறங்கியே வந்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்சக்கரம் மட்கார்டில் இடித்தது. பின்னால் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து வந்தால் இடிக்கிற மாதிரி.

பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்துவிட்டார். நட்டை இறுக்கி, ஆயில் ஊற்றி, சக்கரத்தைப் போட்டாயிற்று. இனிமேல் சோதனை. ஜாயின்ட் சோதனை ஒரே ஆளாகச் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு வட்டமாக ஓட்ட வேண்டும், இன்னொருவர் சக்கரத்தோடு கூடவே குனிந்து நடந்து காது கொடுக்க வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் வெறும் மணல் மனை. ரஞ்சிதம் ஓட்டினாள். அவர் வலப்பக்க முன்சக்கரத்தோடு குனிந்து நடந்தார். நிலா கிளம்பிவிட்டது. ஒரு சுற்று. ரெண்டு சுற்று. டயர் மணலை அரைக்கிற சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"ஏங்க," என்றாள் ரஞ்சிதம், தலையை வெளியே நீட்டி. "அந்தப் பக்கம் யாரு?"

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். உன்னாட்டமே குனிஞ்சி குனிஞ்சி நடக்கறாங்களே... ஜன்னலாண்ட தலமயிரு தெரியுது. ஈரத் தல."

அவர் நிமிர்ந்தார். காரை நிறுத்தச் சொல்லிவிட்டு முன்பக்கமாகச் சுற்றி வந்தார். ஒருவரும் இல்லை. ஆனால் மணலில் அவர் வட்டத்துக்கு உள்ளே இன்னொரு வட்டம். வெறுங்கால் தடம். சின்னக் கால், பொம்பிளைக் கால். ஒவ்வொரு தடமும் தண்ணீர் ஊறிக் கறுத்திருந்தது.

"யாருங்க?"

"பக்கத்து வூட்டு ஆயம்மாவா இருக்கும். நீ எறங்கு, அடுப்பப் பாரு."

அவள் இறங்குவதற்குள் கிட்டே இருந்த தடங்களைக் காலாலேயே தேய்த்து அழித்தார். ஆக்சிலை அப்போதே கழற்றியிருக்கலாம். கழற்றினால் கார் இல்லை. கார் இல்லையென்றால் மகளுக்கு என்ன கதி என்று எண்ணிப் பார்த்தார்... ஸ்பேனரை எடுக்கவே இல்லை.

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, அன்புசெல்வி "அம்மா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். ரஞ்சிதம் போர்வையை விலக்கிப் பார்த்தாள். பாயெல்லாம் ரத்தம்.

பின் சீட் முழுக்க மகளைப் படுக்க வைத்தார்கள். காலைத் தூக்கி வைக்க இடம் வேண்டியிருந்ததால் ரஞ்சிதம் முன்னால் உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவசரத்தில் ஒரு தலையணைகூட எடுக்கவில்லை. கார் முதல் மிதியிலேயே கிளம்பிவிட்டது. மரப்பாலம் திரும்பினார்கள். சத்தம் இல்லை. முதலியார்பேட்டை தாண்டினார்கள். சத்தம் இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

"தெறக்கச் சொல்லுங்க. எறங்கிப் போய்ச் சொல்லுங்க."

"ரயிலு வருதுடி. சொன்னா தெறப்பானா?"

அப்போது கேட்டது. டக்... டக்... டக்...

சக்கரம் சுற்றினால்தான் ஜாயின்ட் சத்தம் போடும். கார் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். இங்கே கார் நிற்கிறது. சத்தம் நிற்கவில்லை. இஞ்சினை அணைத்தார். டக்... டக்... அது முன்சக்கரத்திலிருந்து வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

கண்ணாடியில் பார்த்தார்.

பின் சீட்டில் மகள் மட்டும்தான். கண் மூடியிருந்தாள். ஆனால் அவள் தலை சீட்டில் படவில்லை. ஒரு சாண் உயரத்தில், வாகாக, சாய்ந்தாற்போல் நின்றிருந்தது. யாரோ மடியில் எடுத்து வைத்துக்கொண்ட மாதிரி.

ரஞ்சிதம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, கேட்டையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். ரயில் போனது. கேட் தூக்கியதும் இஞ்சினைப் போட்டு மிதித்தார். ஆஸ்பத்திரி வாசல் வரும் வரைக்கும் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை.

தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ரெண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டரம்மா. ரஞ்சிதம் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மகளுக்கு நினைவு தெளிந்தபோது உத்திராபதிதான் பக்கத்தில் இருந்தார்.

"அப்பா, அவங்க எங்க?"

"உங்கம்மா மருந்து வாங்கப் போயிருக்கு."

"அம்மா இல்லப்பா. கார்ல என் தலைய மடியில வச்சிகிட்டு வந்தாங்களே... கை ஒரே சில்லுனு. சேல தொப்பலா நனைஞ்சி இருந்துது. என் மொகத்த வழிச்சி வழிச்சி நெட்டி முறிச்சாங்க."

ரயில்வே கேட்டில் கேட்ட அந்த டக்... டக்... அவர் காதில் மறுபடி விழுந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. பொறந்ததும் என் கையில குடுப்பியா கண்ணுன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"வலியில கெடந்தேன்பா. சரின்னுட்டேன்."

உத்திராபதி எழுந்து நேராகக் கீழே போனார். எதிர்க்கடையில் ஒரு பூசணிக்காய் வாங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காரின் நாலு கதவையும் விரியத் திறந்தார். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இன்னா சார் இது. ஆஸ்பத்திரில வந்து பூசணிக்கா ஒடைக்கற."

"ஒரு நிமிசம் தம்பி. நானே பெருக்கிட்டுப் போறேன்."

உடைத்தார். வடிவேலு மாதிரியே சத்தமாகச் சொன்னார்.

"ஊரு வந்தாச்சு. எறங்குங்க."

கார் லேசாக அசைந்தது. இடப்பக்கப் பின்பாகம் ஒரு விரல் கனம் மேலே எழும்பியது. ஸ்பிரிங் க்ரீச் என்றது. பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் இறங்கினால் எப்படி எழும்புமோ அப்படி. வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

உத்திராபதிக்கு உயிர் வந்தது. பூசணித் துண்டுகளைப் பெருக்கி ஒதுக்கிவிட்டு, வடிவேலுவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வடிவேலு திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை.

"எங்க நிறுத்தி எறக்கின?"

"ஆஸ்பத்திரி வாசல்லதான். ஏன்?"



"அந்தம்மா பேரு தையல்நாயகி. பொண்ணுக்கு வலி கண்டுடுச்சுன்னு போன் வந்து, அவசரமா கெளம்பி வந்திருக்காங்க. பொண்ணு பிரசவத்துக்குடா. புள்ளைய வாங்கறதுக்கு." வடிவேலு நிறுத்தினார். "அவங்க போய்ச் சேர வேண்டிய எடத்துலயே எறக்கிவுட்டுட்டியேடா."

உத்திராபதி படியேறி ஓடினார். மேலே ஒன்றும் ஆகவில்லை. குழந்தை தாய் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சிதம் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதுக்கு இப்படி மூச்சு வாங்குது என்று கேட்டாள். மாடிப்படி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஆக்சிலைக் கழற்றினார். வடிவேலுவே வந்து எடுத்துக்கொண்டு போனார். பச்சைக் காருக்கும் முறையாகச் செய்து முடித்தார். மெட்ராசிலிருந்து புது ஆக்சில் வந்தது, மாட்டியாயிற்று. கார் இப்போது எந்தப் பக்கம் ஒடித்தாலும் சத்தமில்லாமல் போகிறது. குழந்தைக்குக் கவிநிலா என்று பெயர் வைத்தார்கள். நல்ல கொழுகொழு குழந்தை. ராத்திரியில் அழுவதே இல்லை. அழத் தொடங்கும், தானாகவே அடங்கிவிடும். பெற்றவள் எழுந்து தூக்க வேண்டிய வேலையே இல்லை. கொடுத்துவைத்தவள் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஒரு நாள் காலையில் உத்திராபதி காபி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மாவும் மகளும் பேசுவது காதில் விழுந்தது.

"ஏம்மா, இவ்ளோ பெரிய திருஷ்டிப் பொட்டா வைப்ப? கன்னமே மறைஞ்சிடுது."

"நான் எங்கடி வச்சேன்? நீதான தெனம் வைக்கற."

"நான் மை டப்பாவே இன்னும் வாங்கலம்மா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். குழந்தை விழித்துக்கொண்டு கிடந்தது. யாரையோ பார்த்துச் சிரிக்கிற மாதிரி, சுவர்ப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இடக் கன்னத்தில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. ஈரம் காயவில்லை. விரலால் தொட்டு எடுத்தார். பிசுபிசுவென்று நூலிழுத்தது. பெருவிரலில் தேய்த்துப் பார்த்து, மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

இத்தனை வருஷமாக அந்த வாடையிலேயே சோறு தின்கிற மனுஷன். அவருக்குத் தெரியாதா?

மை இல்லை அது. ஜாயின்ட்டுக்குள் அடைக்கிற கிரீஸ். அதற்கும் அடியில்... உப்பங்கழிச் சேறு.